மூன்றும் கொஞ்சமும்

விமானத்தில் இருக்குமே, அதுவல்ல.
அது ஆரஞ்சு நிறம்.
கடலடியில் வருஷக்கணக்காய்க் கிடந்தாலும்
திறந்தால் பேசிவிடும்.
எங்களுடையதைத் திறந்தும் பார்த்தாயிற்று:
நாலு கோடி எண்கள்,
ஒன்றுக்கும் முகமில்லை.

பிளோவ்தீவில், ஈர நெடியடிக்கும் நிலவறையொன்றில்
நானும் கிரிலும் அதற்கு இரை போடுகிறோம்.
யாங்கோவின் கிளாரினெட்,
முந்நூற்றுப் பன்னிரண்டு கல்யாணம்,
கோப்பை உரசல், குழந்தை அழுகை,
யாரோ யாரையோ திட்டுவது உட்பட.
வாசித்தது ஒரு பக்கம் போகும்,
வாசிக்கப்போவது மறுபக்கம் வரும்.
நடுவில் என்ன நடந்ததென்று கேட்கக் கூடாது.
அதுதான் ஒப்பந்தம்.

பதினோரு எண்ணிக்கைத் தாளம்:
இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு.
குறில் குறில் நெடில் குறில் குறில்.
பத்தே நாளில் பெட்டி பிடித்துக்கொண்டது.
அடுத்து எந்தச் சுரத்துக்கு வழுக்குவார்,
எந்த இடத்தில் மூச்சை விழுங்குவார்,
நள்ளிரவுக்கு மேல், பிராந்தி ஏறியபின்
எந்தச் சுற்றை மறந்துபோவார்,
எல்லாம் முன்கூட்டியே.
கிரில் ஒரு வாரம்
சோதிடக்காரன் நடை நடந்தான்.

ஒரே இடத்தில் மட்டும் தோற்றது.
நாலாவது சுற்றில், நடுவே வரும் அந்த மூன்று
மூன்றாக இல்லை.
மூன்றும் கொஞ்சமும்.
தொண்ணூறு மில்லி விநாடி,
இமை பாதி இறங்கும் நேரம்.
சில கல்யாணங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை.
ஊர், மாதம், பெண்வீட்டார் கொடுத்த காசு,
எதனோடு வைத்துப் பார்த்தும் ஒட்டவில்லை.

யாங்கோவையே வரவழைத்துப் போட்டுக்காட்டினோம்.
தலையை மேலும் கீழும் ஆட்டினார்.
எங்கள் நாட்டில் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம்.
“நானா? தாமதமா?
உன் பெட்டிக்குக் காதில் குறும்பி, ரலிட்ஸா.”
கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை
ஒலிவாங்கி இல்லாமல் பெருஷ்டிட்சாவுக்குப் போனேன்.
கைகோத்த வரிசை மேசைகளை வளைத்து ஓடியது.
வரிசையின் வாலில் ஸ்தாமென்.
நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்.
இறக்கி அடுக்கிய கையோடு, அழைக்காமலே ஆடுவார்.
லாரிக்கதவு நசுக்கிய இடது முழங்கால் மடங்காது.
மூன்று சுற்று சமாளித்தார்.
நாலாவதில் வேகம் கூட,
அந்தக் கால் மேலே போய்
இறங்க வழி தெரியாமல் நின்றது.
கிளாரினெட்டுக்கு மேலே இரண்டு கண்கள்
வரிசையின் வாலைப் பார்த்தன.
கால் தரை தொட்டது.
அப்புறம்தான் சுரம் இறங்கியது.

தெரிந்தா செய்கிறார்?
கேட்டால் மறுபடி தலையாட்டுவார்.
அவருக்குள்ளும் நாங்கள் போகமுடியாத அறை ஒன்று,
அவரே போகாதது.

திங்கட்கிழமை வாசலிலேயே கிரில்:
“பிடித்துவிட்டது! அந்த மூன்றையும் சரியாகச் சொல்கிறது.
நான் ஒன்றும் செய்யவில்லை,
இரண்டு நாள் ஓடவிட்டேன், அவ்வளவுதான்.”

ஸ்தாமெனைப் பெட்டி பார்த்ததில்லை.
அதற்குக் கண் இல்லை, முழங்காலும் இல்லை.
பதிவுகளை மறுபடி காதில் மாட்டினேன்.
மூன்றாம் மணிநேரத்தில் கேட்டது:
இசைக்கு அடியில், கல் தளத்தில்
இரும்புக்கால் நாற்காலிகள் கீச்சிடுவது.
தாமதம் இருந்த கல்யாணங்களில் எல்லாம் கீச்.
மற்றவற்றில் மரம், அல்லது பெஞ்சு.

அறிக்கையின் கடைசிப் பத்தியில்
‘காரணம் அறியப்படவில்லை’ என்று எழுதியிருந்தான் கிரில்.
அழிக்கப் போனேன்.
கீச்சுதான் என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?
விட்டுவிட்டேன்.

நேற்று ஸ்தாமெனுக்குத் தொலைபேசினேன்,
என் தங்கை கல்யாணத்துக்கு என்று பொய் சொல்லி.
எண்பது நாற்காலி, தள்ளுபடி உண்டு என்றார்.
அடுத்த மாதத்திலிருந்து இரும்பு கிடையாதாம்,
எல்லாம் பிளாஸ்டிக்.

பார்ப்போம்.